கல்லணையிலிருந்து வேதாரண்யம்: நெடுவழியும் நாடித்துடிப்பும்

கல்லணை

காவிரி தன் கழிமுகத்தை நோக்கிப் பிரியத் தொடங்கும் இடமான கல்லணையில், காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று ஊர்மக்கள் அழைக்கும் கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்கு வழிகளாக நீர் பகிர்ந்து விடப்படுகிறது. கரிகாலனின் பெயரோடு சேர்த்தே நினைக்கப்படும் இந்த அணை 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் காலத்தில் செப்பனிடப்பட்டது. மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட 1934ஆம் ஆண்டோடு டெல்டாவின் பாசன வலை இன்றுள்ள வடிவத்தை அடைந்தது. ஆவணி மாதத்தின் நடுவில் இவ்வழியே செல்பவர் இரண்டு ஓட்டங்களை ஒருங்கே காணலாம். ஒன்று, மதகுகளில் நுரைத்து இறங்கும் நீர். மற்றொன்று, திருச்சிப் பக்கமிருந்து காவி உடுத்தி, வெறுங்காலோடு, வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்துபோகும் மக்கள். கொடியேற்றம் ஆகஸ்ட் 29, பெருவிழா செப்டம்பர் 8. இவ்விரு நாட்களுக்கும் இடையில் டெல்டாவின் சாலை ஓரங்கள் முழுவதும் நடப்பவர்களுக்கே உரியவை.

இக்கட்டுரை அந்தச் சாலையையே பின்பற்றுகிறது. அது சுமந்து செல்லும் கேள்வி மட்டும் மருத்துவத்தைச் சார்ந்தது. மனிதர்கள் தங்கள் அன்றாட அளவை மிகவும் மீறி ஓடும்போது, அதாவது 42.195 கிலோமீட்டர் மாரத்தானையும் அதற்கும் மேற்பட்ட அல்ட்ரா மாரத்தான்களையும் ஆண்டுக்கணக்கில் ஓடும்போது, அவர்களுடைய இரத்தக் குழாய்களுக்கு நன்மை விளைகிறதா, தீமை விளைகிறதா என்பதே அந்தக் கேள்வி.

குருதியோட்டத்தை விளக்கப் புகும் ஆசிரியருக்கு டெல்டாவில் கரும்பலகை தேவைப்படாது. தலைமதகு, ஆறு, கிளையாறு, வாய்க்கால், வயல் மடை, பிறகு வடிகால் என்று கல்லணையின் மேலே நின்றபடியே அவர் பாடத்தை முடித்துவிடலாம். ஆனால் இந்த ஒப்புமை முக்கியமான ஓர் இடத்தில் பொய்த்துவிடுகிறது. ஆற்றின் கரை வெறும் மண். நீர் மிகும்போது அது தாங்கும், அல்லது உடையும். இதயத்திலிருந்து குருதியை எடுத்துச் செல்லும் குழாயான தமனியின் சுவரோ, தன்மேல் உரசிச் செல்லும் ஓட்டத்தை உணர்ந்து தன்னையே மாற்றிக்கொள்ளும் உயிருள்ள திசு. அதன் உட்புறத்தை ஒரே ஓர் உயிரணுவின் கனமுள்ள உள்வரிச் சவ்வு போர்த்தியிருக்கிறது. குருதி வேகமாக உரசும்போது இச்சவ்வு நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரக்க, அதற்கடுத்த அடுக்கிலுள்ள தசை தளர்ந்து குழாய் அகலுகிறது. இந்த வாயுவே குழாய்களுக்குச் செய்தி சொல்லும் பொருள் என்று கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஓட்டப் பயிற்சி இரத்தக் குழாய்களுக்கு நல்லது என்ற பொதுக் கருத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. நாள்தோறும் சிறிது நேரம் வேகமாக உரசப்படும் சுவர், அகலும் பழக்கத்தை மறக்காமல் வைத்துக்கொள்கிறது.

திருவையாறு

கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு வரும் ஆற்றங்கரைச் சாலையில், விடிவதற்கு முன்பே இளைஞர்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களுக்கு மாரத்தான் ஆசை எதுவும் கிடையாது. காவலர் தேர்வின் உடற்தகுதிச் சுற்றில் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பதே இவர்களை எழுப்பிவிடுகிறது. தியாகராஜர் சமாதிக்கு அருகே படித்துறையில் மூச்சு வாங்கியபடி அமர்ந்திருந்த ஒருவர், நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றிக் கேட்டபோது சிரித்துவிட்டு, "ஏழு நிமிஷத்துல உசிரு போயிருதுங்க, நாலு மணி நேரம் ஓடுறவங்கள்லாம் என்ன திம்பாங்களோ" என்றார். அவர் தின்பது எதுவென்று கேட்கத் தேவை இருக்கவில்லை. காலையில் பழைய சோற்றைக் கரைத்து உப்பிட்ட நீராகாரம், அதற்குச் சின்ன வெங்காயம். தேர்வில் தேறிய அன்று, இவ்வூரின் பெயரைத் தமிழகம் முழுவதும் கொண்டுசென்ற அசோகா. பாசிப்பருப்பும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த அந்த இனிப்பு வாழையிலைத் துண்டில் சூடாக வைக்கப்படும்போது, இலையின் பச்சை நெய்யோடு கலந்து ஒரு தனி மணம் எழுகிறது. இரத்தக் குழாய்களைப் பற்றிய பயணத்தில் இதைப் பாராட்டுவது முறையில்லைதான். பாராட்டாமல் கடந்துபோவது நேர்மையில்லை.

தஞ்சாவூர்

நகரத்தின் உடற்பயிற்சிக்கு இரண்டு இடங்கள். பெரிய கோயிலை ஒட்டிய அகழிச் சாலையிலும் சிவகங்கைப் பூங்காவிலும் நடுவயதினர் நடக்கிறார்கள். அன்னை சத்யா விளையாட்டரங்கில் பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும் ஓடுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் மூன்றாவது கூட்டம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. நாற்பது வயதைக் கடந்து, வங்கியிலோ கடையிலோ அமர்ந்தே பொழுதைக் கழித்து, சர்க்கரை அளவு எல்லைக்கோட்டுக்கு வந்ததும் ஓடத் தொடங்கி, பிறகு ஹாஃப் மாரத்தான், முழு மாரத்தான் என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் இவர்கள். தமிழகத்தில் இந்த ஆர்வத்துக்கு ஒரு பொதுமுகமும் உண்டு. 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன், நூற்றுக்கும் மேற்பட்ட ஹாஃப் மாரத்தான்களை ஓடியவர். அவருடைய துறை 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில், ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. தஞ்சாவூரும் அதில் அடங்கும்.

விளையாட்டரங்கில் சுற்றை முடித்த ஒருவர், கழுத்தின் பக்கவாட்டில் இரு விரல்களை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறு துடிப்பை எண்ணுகிறார். அந்த விரல்களுக்கு அடியில் நிகழ்வதை விளக்கவே தமனி விறைப்பு என்னும் கருத்து தேவைப்படுகிறது. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் பெருந்தமனி சற்றே விரிந்து, குருதியின் அழுத்தத்தைத் தன் சுவரில் வாங்கிக்கொண்டு, பிறகு மெல்லச் சுருங்கி அதை முன்னே தள்ளுகிறது. இந்த விரிதலைத் தருவது சுவரிலுள்ள எலாஸ்டின் என்னும் மீள்தன்மை கொண்ட புரத இழை. வளரும் பருவத்திலேயே நெய்து முடிக்கப்படும் இவ்விழை பிற்காலத்தில் ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை. வயதாக ஆக அது அறுந்து, அதன் இடத்தை விறைப்பான கொலாஜன் பிடிக்கிறது. சுவர் விறைக்க விறைக்கத் துடிப்பலை அதில் வேகமாகப் பாய்வதால், கழுத்துக்கும் தொடையிடுக்குக்கும் இடையில் அலை பாயும் வேகத்தை அளந்தே குழாயின் முதுமையைக் கணிக்கிறார்கள். வினாடிக்கு ஆறு, ஏழு மீட்டர் என்பது இளமை. பத்து மீட்டரைத் தாண்டினால் மருத்துவர் கவலைப்படுவார்.

தஞ்சாவூருக்கு இந்த வகை அளவை புதிதன்று. இரண்டாம் சரபோஜி (1798–1832) நடத்திய தன்வந்திரி மகாலில் பல மரபுகளைச் சேர்ந்த வைத்தியர்கள் கூடி மருந்துகளை ஆய்ந்தார்கள். சித்த மருத்துவர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்று நாடிகளையும் ஒன்று, அரை, கால் என்ற மாத்திரை அளவில் பிரித்தறிவதும், வாதத்தை அன்னமும் மயிலும் நடப்பது போலவும், பித்தத்தை ஆமையும் அட்டையும் ஊர்வது போலவும், கபத்தைத் தவளையும் பாம்பும் செல்வது போலவும் உணர்வதும் இன்றும் நடப்பில் உள்ளன. நாடி பார்ப்பதையும் துடிப்பலை வேகத்தை அளப்பதையும் ஒன்றெனச் சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்வது இரண்டுக்குமே அநியாயம். எனினும் குழாய்ச் சுவரின் தன்மை துடிப்பின் நடையில் தெரியும் என்ற கவனிப்பு இரு தரப்புக்கும் பொதுவானது.

இனி ஓட்டத்துக்கு வரலாம். 2010இல் வெளியான கிரேக்க ஆய்வொன்று, நெடுங்காலம் கடுமையாகப் பயின்ற 49 மாரத்தான் ஓட்டக்காரர்களை ஓடாத 46 பேரோடு ஒப்பிட்டு, முதல் குழுவினரின் பெருந்தமனித் துடிப்பலை வினாடிக்கு 6.89 மீட்டரும் மற்றவர்களுடையது 6.33 மீட்டரும் பாய்வதாகக் கண்டது. வேறுபாடு சிறியதுதான், ஆனால் எதிர்பார்த்த திசைக்கு நேரெதிரானது. அதற்கு முன் 2008இல் ஜெர்மனியில், ஐம்பது வயதைக் கடந்த 108 மாரத்தான் ஆண்களின் இதயத் தமனிகளில் சுண்ணாம்புப் படிவு அளக்கப்பட்டது. கொழுப்புத் திட்டு ஆறும் இடத்தில் கால்சியம் படிந்து இறுகுவதையே இப்பெயர் குறிக்கிறது. இவர்களில் 36 விழுக்காட்டினருக்குப் படிவின் அளவைக் காட்டும் எண் நூறோ அதற்கு மேலோ இருந்தது; வயதிலும் ஆபத்துக் காரணிகளிலும் இவர்களை ஒத்த, மாரத்தான் ஓடாதவர்களில் இது 22 விழுக்காடு. 2023இல் வெளியான பெல்ஜிய ஆய்வும், வாழ்நாள் முழுவதும் ஓடியும் மிதிவண்டி ஓட்டியும் வந்த ஆண்களின் இதயத் தமனிகளில், நலமாக வாழ்ந்த பிறரைவிட அதிகத் திட்டுகளைக் கண்டது.

இவ்வெண்களை மட்டும் கேட்டவர் மறுநாளே ஓட்டக் காலணியைப் பரணில் போட்டுவிடக்கூடும். அது அவசர முடிவாகும். ஜெர்மானிய ஓட்டக்காரர்களில் பாதிப்பேர் முன்பு புகைபிடித்தவர்கள். பழைய வினையைக் கழிக்கவே ஓட வந்தவர்களின் குழாய்களில் பழைய வினை தெரிவதில் வியப்பில்லை. 1984இல் ஓடிக்கொண்டிருக்கும்போதே 52 வயதில் இறந்த அமெரிக்க எழுத்தாளர் ஜிம் ஃபிக்ஸும் ஒரு காலத்தில் கடுமையாகப் புகைத்தவர். அவருடைய தந்தை 43 வயதிலேயே இதய நோயால் இறந்தவர். எதிர்முனையில் நிற்பவர் போஸ்டன் மாரத்தானை ஏழு முறை வென்ற கிளாரன்ஸ் டிமார். முதுமை வரை ஓடி, 1958இல் எழுபதாம் வயதில் புற்றுநோயால் இறந்த அவருடைய இதயத் தமனிகள் இயல்பைவிட இரண்டு, மூன்று மடங்கு அகலமாக இருந்ததைப் பிணக்கூராய்வு காட்டியது. தனி மனிதர் கதைகளால் அறிவியலை எழுத இயலாது என்பதை, இந்த இரு கதைகளும் அருகருகே நின்று தாமே சொல்லிவிடுகின்றன.

கூடுதல் வெளிச்சம் தருவது லண்டனிலிருந்து வந்து 2020இல் வெளியான ஆய்வு. முதன்முறையாக மாரத்தான் ஓடப் பதிவுசெய்த 138 பேர், பயிற்சிக்கு முன்பும் ஆறு மாதங்கள் கழித்து ஓட்டம் முடிந்த பின்பும் அளக்கப்பட்டார்கள். பெருந்தமனியின் விறைப்பு குறைந்து, குழாய்கள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இளமைக்குத் திரும்பியிருந்தன. கூடுதலாகப் பயன்பெற்றவர்கள் வயதானவர்களும் மெதுவாக ஓடியவர்களும்தான். ஆக, ஒரே பெயருள்ள ஓட்டம் ஒருவருக்குக் குழாயை இளக்குகிறது, இன்னொருவருக்குச் சற்றே இறுக்குகிறது. வேறுபாடு பந்தய நாளில் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளில், வேகத்தையும் ஓய்வையும் ஒருவர் பங்கிட்ட முறையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

விளையாட்டரங்கின் வேப்பமர நிழலில் இதை எளிய கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு எழுபது முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் 1,00,800 முறை பெருந்தமனியை விரிக்கிறது. பயின்ற ஒருவரின் இதயம் ஒரு மணி நேர ஓட்டத்தில் நிமிடத்துக்கு 150 முறையும், எஞ்சிய 23 மணி நேரத்தில் 50 முறையும் துடிப்பதாகக் கொண்டால், மொத்தம் 78,000தான். ஓடியவர் எலாஸ்டினை மிச்சம் பிடிக்கிறார். ஆனால் இடைவிடாமல் 24 மணி நேரம் ஓடும் போட்டியில், நிமிடத்துக்கு 130 என்று வைத்தாலும், அந்த ஒரே நாளில் 1,87,200 விரிதல்கள். அவையும் உயர்ந்த அழுத்தத்தில். இத்தகைய நாட்கள் எப்போதாவது வந்தால் சுவர் பொறுத்துக்கொள்ளும். மாதந்தோறும் வந்தால், உடலில் இயல்பாக உள்ள, வீக்கம் தணிக்கும் பொருள்களும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்களும் பழுதைச் சரிசெய்து முடிக்கும் முன்பே அடுத்த பழுது வந்து சேர்கிறது.

நீடாமங்கலம் சாலை

சாலியமங்கலம், அம்மாப்பேட்டை வழியாக நீடாமங்கலம் நோக்கிச் செல்லும் சாலையின் இருபுறமும் வயல்கள். ஒரு பக்கம் குறுவை பழுத்துச் சாய்ந்திருக்க, மறுபக்கம் முன்பட்ட சம்பாவுக்குச் சேறடித்து நடவு நடக்கிறது. அறுவடைக்கு மெஷின் வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன, நடவுக்கும் வந்துவிட்டது. இருந்தும் வாய்க்கால் ஓரத்துச் சிறு வயல்களில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, இடது கையில் நாற்று முடியும் வலது கையில் மூன்று நான்கு நாற்றுமாகப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே போகிறார்கள். வரப்பில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அறுபது வயதை ஒட்டிய ஒரு பெண், சேலையை முழங்கால் அளவுக்கு ஒதுக்கிச் சேற்றைக் கழுவியபோது, கெண்டைக்காலில் பச்சை நிறத்தில் முறுக்கிப் புடைத்திருந்த குழாய்கள் தெரிந்தன. "நரம்பு சுருட்டிக்கிச்சுங்க. மூணாவது புள்ள பொறந்தப்பவே ஆரம்பிச்சது. நட்டுக்கிட்டு இருந்தா தெரியாது, ராத்திரி படுத்தாத்தான் கடுக்கும்" என்றார்.

நரம்பு என்று அவர் சொன்னது, குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரையை. சிரைக்குத் தமனியைப் போன்ற தடித்த சுவர் கிடையாது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது அது குருதியை மேலே பிழிந்து தள்ள, உள்ளிருக்கும் ஒருவழி அடைப்பிதழ்கள் அதைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கின்றன. நடப்பவருக்கும் ஓடுபவருக்கும் இந்தப் பிழியல் ஒவ்வொரு அடியிலும் நடக்கிறது. ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பவருக்கு நடப்பதில்லை. நடவுப் பெண்ணின் உழைப்பு மாரத்தானுக்குக் குறைந்ததன்று, ஆனால் அதன் வடிவம் வேறு. குனிந்த முதுகு, சேற்றில் புதைந்த கால், மெல்ல நகரும் அடி. நெடுந்தூர ஓட்டம் தமனியைச் சோதிக்கிறது என்றால், நெடுநேர நிலை சிரையைச் சோதிக்கிறது. முன்னதைப் பற்றி உலகெங்கும் ஆய்வுகள் குவிகின்றன, பின்னதற்குக் கிராமத்தில் கிடைப்பது பெரும்பாலும் வேப்பெண்ணெய்த் தடவல்.

உழைப்பு தமனிக்குத் தரும் பலனுக்கும் சான்று உண்டு. பொலிவியாவின் காடுகளில் வேட்டையாடியும் பயிரிட்டும் வாழும் சிமானே மக்களில் நாற்பது வயதைக் கடந்த 705 பேர் ஆராயப்பட்டபோது, 85 விழுக்காட்டினரின் இதயத் தமனிகளில் சுண்ணாம்புப் படிவு அறவே இல்லை என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. அவர்களுடைய ஆண்கள் நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரம் உடலை அசைத்துக்கொண்டிருப்பவர்கள். ஆனால் மூச்சிரைக்க ஓடுபவர்கள் அல்லர். உணவும் புகையின்மையும் இதில் பங்கு கொண்டவை என்பதால், பலன் முழுவதையும் உழைப்பின் கணக்கில் எழுதிவிட முடியாது. டெல்டாவின் இன்றைய உணவு சிமானே உணவன்று என்பதை, நடவு முடிந்ததும் வந்து நின்ற சைக்கிள்காரரின் போண்டாக் கூடையே தெரிவித்தது.

அதே சாலையின் இடப்பக்கத்தில் வேளாங்கண்ணி நடையாளர்கள் சென்றுகொண்டிருந்தனர். வெயில் ஏறிய தார்ச்சாலையைத் தவிர்த்து, வெள்ளைக்கோட்டின் மேல் அடிவைத்து அவர்கள் நடப்பதைக் கவனிக்கலாம். வெள்ளைப் பூச்சு தாரைவிடக் குறைவாகச் சுடும். காவிரிச் சமவெளியின் ஈரக்காற்றில் வியர்வை உலராமல் வழிவதால், உடல் தன் வெப்பத்தை வெளியேற்றத் தோலின் நுண்குழாய்களை விரித்துக்கொண்டே போகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாக இருக்கும் தோலின் குருதியோட்டம், கடும் வெப்பத்தில் ஏழெட்டு லிட்டர் வரை உயரக்கூடும். தசையும் தோலும் ஒரே குருதிக்குப் போட்டியிட, வியர்வையால் அக்குருதியின் அளவும் குறைய, இதயம் கூடுதலாகத் துடித்து ஈடுகட்டுகிறது. குளிர்நாட்டு ஓட்டக்காரரைக் கொண்டு வகுத்த அளவுகளை ஆவணி வெயிலில் ஓடுபவருக்கு அப்படியே பொருத்தக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

வெறுங்கால் நடைக்கும் குருதிக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 1881இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபிளைஷர், நெடுந்தூர அணிநடைக்குப் பின் ஒரு படைவீரருக்குச் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனதைப் பதிவுசெய்தார். உள்ளங்காலின் நுண்குழாய்களில் ஓடும் சிவப்பணுக்கள் கடினமான தரையில் மீண்டும் மீண்டும் நசுங்கி உடைவதால், உள்ளிருக்கும் ஹீமோகுளோபின் வெளியே சிந்துகிறது என்பது பிறகு விளங்கியது. அப்படிச் சிந்திய ஹீமோகுளோபின், கல்லணைப் பகுதியில் குறிப்பிட்ட நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்து விழுங்கிவிடுவதால், குழாய்கள் அகலும் ஆற்றல் சிறிது நேரத்துக்குக் குன்றுகிறது. பெரும்பாலோருக்கு இது ஓய்வில் தானே சரியாகிவிடும். சிறுநீர் நிறம் மாறியும் நடையைத் தொடர்வதுதான் கேடு.

வேளாங்கண்ணி

திருவாரூரில் தேரையும் கமலாலயத்தையும் விரைந்து பார்த்துவிட்டு, நாகப்பட்டினம் தாண்டிக் கடற்கரை வந்தால், தஞ்சாவூரிலிருந்து மொத்தம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். இதே தூரம் உலக ஓட்ட வரலாற்றில் பெயர்பெற்ற ஒன்று. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் மாரத்தானின் தூரமும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழர்கள் போய் இறங்கிய அதே நேட்டால் மண்ணில் அது ஓடப்படுகிறது. அங்கே அத்தூரத்தைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். இங்கே மூன்று, நான்கு நாட்கள். அங்கே நேரம் கடந்தவருக்கு வாயில் மூடப்படுகிறது. இங்கே பெருவிழாவுக்குப் பின் வந்துசேர்பவருக்கும் கோயில் திறந்தே இருக்கிறது. குழாய்ச் சுவரின் கணக்கில், தூரம் ஒன்றாக இருக்கச் சுமை வேறாகும் இடம் இது. நடையாளர் இரவில் பள்ளிக்கூடத் திண்ணையிலோ பந்தலிலோ படுத்துறங்கும் ஆறேழு மணி நேரத்தில் அழுத்தம் இறங்குகிறது, இழந்த நீர் திரும்புகிறது, உள்வரிச் சவ்வு தன்னைச் சீர்செய்துகொள்கிறது.

ஓய்வின் இந்தத் தேவையைப் பழைய அஞ்சல்முறையும் நன்கு அறிந்திருந்தது. மணி கட்டிய ஈட்டியோடு தபால் பையைச் சுமந்து ஓடியவர் முழு வழியையும் தாமே ஓடவில்லை. குறிப்பிட்ட கட்டத்தில் பையை அடுத்தவரிடம் ஒப்படைத்தார்.

கோயிலுக்கு அருகே தண்ணீர்ப் பந்தலில், வந்துசேர்ந்த மகிழ்ச்சியில் திடீரென்று நின்றுவிட்ட நடுவயது ஆண் ஒருவர் கண் இருண்டு சாய்ந்தார். அவரோடு வந்த மூத்தவர் பதறவில்லை. மண்ணில் படுக்கவைத்து, கால்கள் இரண்டையும் தம் பையின் மேல் உயர்த்தி, "நிக்காதேன்னு சொன்னேன்ல மாப்ள, மெள்ள ஒரு சுத்து நடந்துட்டு உக்காந்திருக்கலாம்" என்று கடிந்துகொண்டார். மாரத்தான் முடிவுக்கோட்டில் மருத்துவர்கள் செய்வதும் இதுவே. ஓட்டத்தின்போது காலின் குழாய்கள் முழுவதும் விரிந்திருக்கின்றன. குருதியை மேலே அனுப்புவது தசையின் பிழியல். ஓட்டம் சட்டென்று நின்றால் பிழியலும் நிற்கிறது, விரிவோ உடனே குறைவதில்லை. குருதி காலில் தேங்க, மூளைக்குப் போகும் பங்கு குறைந்து மயக்கம் வருகிறது. சில நிமிடங்களில் எழுந்து அமர்ந்த அவர், உப்பிட்ட மோர் இரண்டு குவளை குடித்துவிட்டு, அதே மூத்தவரிடம் பீடி கேட்டார். குழாய்களைப் பற்றிய கவலையை யார் எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான விடை அந்தப் பந்தலில் கிடைக்கவில்லை.

வேதாரண்யம்

வேளாங்கண்ணிக்குத் தெற்கே நெல் மெலிந்து, சவுக்கும் முந்திரியும் தோன்றி, கடைசியில் உப்பளங்கள் விரிகின்றன. டெல்டாவின் மிகவும் புகழ்பெற்ற நெடுநடை முடிந்த இடம் இது. 1930 ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சியிலிருந்து ராஜாஜியின் தலைமையில் உப்புச் சத்தியாகிரகத்துக்காகப் புறப்பட்ட ஏறத்தாழ நூறு தொண்டர்கள், தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக 150 மைல் நடந்து, 28ஆம் நாள் வேதாரண்யம் வந்தடைந்தார்கள். அவர்களுக்கு உணவும் இடமும் தருவோரைத் தண்டிப்பதாக மாவட்ட ஆட்சியர் தார்ன் ஆணையிட, ஊர்மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். கணக்கிட்டால் நாளுக்குப் பத்து மைல், சித்திரை வெயிலில். அரசியல் வரலாறு இந்நடையை வீரமாகப் பதிவுசெய்கிறது. உடலியல் நோக்கில் அது அளவறிந்து திட்டமிட்ட நடை. நாளுக்கு முப்பது மைல் நடந்திருந்தால் பாதிப்பேர் மன்னார்குடிக்கு முன்பே படுத்திருப்பார்கள்.

உப்புக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்கும் உள்ள உறவு இருமுகம் கொண்டது. ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போய்விடும். இழப்பை ஈடுகட்டுவதாக எண்ணி வெறும் தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடித்தால், குருதியின் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கும் அபாயம் உண்டு. 2002 போஸ்டன் மாரத்தானில் குருதி தந்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. நீராகாரத்தில் உப்பிடும் வழக்கம் ஓட்டக்காரருக்கு நல்லது. ஓடாதவருக்கு அதே உப்பு அழுத்தத்தை ஏற்றித் தமனியை விறைக்கச் செய்கிறது. நாளுக்கு ஐந்து கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அகஸ்தியன்பள்ளி உப்பளங்களை ஒட்டிய குடியிருப்பில், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் ஊழியர் ஒருவர் வீடு வீடாக அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்தியில் உப்பு வாரிவிட்டு வந்த பெண்ணின் கையில் பட்டையைச் சுற்றியபோது, அந்தக் கையின் தோல் உப்பு அரித்து வெளுத்திருந்தது. எந்திரம் 152/94 என்று காட்டியது.

"மாத்திர தீந்து எத்தன நாளாச்சுக்கா?"

"பத்து நாளிருக்கும். தலவலி இல்லையேன்னு விட்டுட்டேன்."

"தலவலிக்கா குடுக்குறாங்க? நிறுத்தாம போடணும். கஞ்சிக்கு உப்பையும் கொறைங்க."

"நாளெல்லாம் உப்புலயே நிக்கிறேன், எனக்கு உப்பக் கொறைக்கணுமாம்" என்று அவர் பக்கத்து வீட்டாரைப் பார்த்துச் சிரித்தார். ஊழியர் அட்டையில் எண்ணைக் குறித்து, அடுத்த மாதத்துக்கும் சேர்த்து மாத்திரைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, மாலையில் உப்பளக் கரையிலேயே அரை மணி நேரம் கையை வீசி நடக்கச் சொன்னார். அதற்கு அந்தப் பெண் சொன்ன மறுமொழி, வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியே இரண்டு மைல் என்பது.